சின்சினாட்டி சங்கம்: தீராத சம்பளக் கடனும் வழிவழி உரிமையும்

சின்சினாட்டி சங்கம் 1783 மே 13 அன்று, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையோரம் ஃபிஷ்கில் அருகே இருந்த வெர்பிளாங்க் குடும்பத்தாரின் வீட்டில் தொடங்கப்பட்டது. பிரஷ்யாவிலிருந்து வந்து அமெரிக்கப் படைக்குப் பயிற்சி தந்த தளபதி ஸ்டூபன் அப்போது அந்த வீட்டில் தங்கியிருந்தார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எட்டாண்டு நீடித்த அமெரிக்க விடுதலைப் போர் ஓய்ந்து, படை கலையவிருந்த வாரங்கள் அவை. கலைந்து போவதற்கு முன் அதிகாரிகள் தங்களுக்குள் ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் இறந்தால் அவருடைய மூத்த மகன் அந்த இடத்துக்கு வரவேண்டும், அவருக்குப் பின் அவர் மூத்த மகன் வரவேண்டும் என்று விதியும் எழுதிவைத்தார்கள். போரிட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கென அமெரிக்காவில் ஏற்பட்ட சங்கங்களில் இதுவே முதலாவது; இன்றும் இயங்கிவருகிறது.

பிறப்பால் ஆளும் உரிமையை எதிர்த்துப் போரிட்ட அதே கைகள் பிறப்பால் தொடரும் ஓர் உரிமையை ஏன் எழுதின என்ற கேள்வி அன்றே எழுந்தது. பேராசை என்றும் பிரபுத்துவ மோகம் என்றும் அன்றைய எதிர்ப்பாளர்கள் விடை சொன்னார்கள். அந்த விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சங்கத்தின் வேரைக் காண வேண்டுமானால் படையின் சம்பளக் கணக்கைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

போர்க்காலத்தில் பதின்மூன்று மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்த அமைப்பு காங்கிரஸ் ஒன்றுதான். அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. மாநிலங்கள் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அச்சடித்த காகிதப் பணம் மதிப்பிழந்தது. அதிகாரிகள் வேலையை விட்டு ஊர் திரும்பத் தொடங்கியபோது, அவர்களைத் தக்கவைக்கக் காங்கிரஸ் வாக்குறுதிகளை அடுக்கிக்கொண்டே போனது. 1778இல் போர் முடிந்தபின் ஏழாண்டுகளுக்குப் பாதிச் சம்பளம் என்றது. 1780 அக்டோபரில் போர் முடியும்வரை பணியில் நிற்பவர்களுக்கு வாழ்நாள் முழுதும் பாதிச் சம்பளம் என்றது. இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை. இறக்குமதிப் பொருள்கள்மீது ஐந்து விழுக்காடு வரி விதிக்கும் திட்டத்துக்கு எல்லா மாநிலங்களும் இசைய வேண்டியிருந்தது. 1782இன் இறுதியில் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்துவிட, திட்டம் படுத்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நியூபர்க் பாசறையில் இருந்த அதிகாரிகள் பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சம்பளம் வரவில்லை. டிசம்பரில் தளபதி மக்டூகல் தலைமையில் ஒரு குழு மனுவோடு பிலடெல்பியா சென்றது. விடை வரவில்லை. 1783 மார்ச் 10 அன்று பெயரிடாத கடிதம் ஒன்று பாசறையில் கைமாறியது. கடனைத் தீர்க்காவிட்டால் படை ஆயுதத்தைக் கீழே வைக்காது என்ற மிரட்டல் அதில் மறைந்திருந்தது. மார்ச் 15 அன்று தலைமைத் தளபதி வாஷிங்டன் அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்தபோது, நாட்டுப் பணியில் தம் கண்ணும் மங்கிவிட்டதை அவர் சொன்ன விதம் கேட்டோரைக் கலங்கவைத்தது என்பது பலரும் பதிவு செய்த செய்தி. படை அடங்கியது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, வாழ்நாள் பாதிச் சம்பளத்துக்கு மாற்றாக ஐந்தாண்டு முழுச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் தீர்மானித்தது. அதையும் ரொக்கமாகத் தரவில்லை. வட்டி கூடிய கடன் பத்திரமாகத் தந்தது. பத்திரத்தின் சந்தை மதிப்பு முகமதிப்பில் ஒரு சிறு பங்காகச் சரிந்தது. வீட்டுக்குப் போக வழிச்செலவு இல்லாதவர்கள் அதை வந்த விலைக்கு விற்றார்கள்.

ஹென்றி நாக்ஸ் சங்கத்துக்கான வரைவை வெஸ்ட் பாயிண்டில் எழுதியது இதற்கு அடுத்த மாதம்தான். பாஸ்டனில் புத்தகக்கடை வைத்திருந்தவர் அவர். பீரங்கிக் கலையைத் தம் கடைப் புத்தகங்களிலிருந்தே கற்றுக்கொண்டு வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தலைவரானவர். 1783இல் அவருக்கு வயது 32. போரின் தொடக்கத்திலேயே, 1776இல், தம் சந்ததிக்கு விட்டுச் செல்லத் தொப்பியிலோ பொத்தான் துளையிலோ ஒரு நாடாத் துண்டு வேண்டும் என்று நாக்ஸ் தம்மிடம் ஆசைப்பட்டதாக ஜான் ஆடம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜெஃபர்சன் அதைக் குறித்துவைத்தார். ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சங்கத்தை விரும்பாதவர்கள் என்பதை மனத்தில் வைத்தே இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும். ஆசை பழையதாக இருக்கலாம். அது நாடு தழுவிய அமைப்பாக உருவெடுக்கக் காரணம் 1783ஆம் ஆண்டின் வெறுங்கைதான்.

மே 13 அன்று ஏற்கப்பட்ட மூலவிதிகள் மூன்று நோக்கங்களை முன்வைத்தன. போராடிப் பெற்ற உரிமைகளைக் காப்பது முதலாவது. மாநிலங்களுக்கிடையே ஒற்றுமையையும் நாட்டின் மதிப்பையும் வளர்ப்பது இரண்டாவது. அதிகாரிகளிடையே போரில் விளைந்த அன்பை நிலைநிறுத்தி, நலிந்த உறுப்பினருக்கும் அவர் குடும்பத்துக்கும் உதவுவது மூன்றாவது. ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு மாதச் சம்பளத்தைச் சங்கத்துக்குச் செலுத்த வேண்டும். அந்தத் தொகை மாநிலச் சங்கத்தின் பெயரில் என்றைக்கும் முதலாகவே இருக்கும். வட்டியை மட்டும் எடுத்துத் துன்பப்படுவோருக்குக் கொடுக்கலாம். முதலைத் தொடாமல் அதன் வருவாயைக் கொண்டு அறம் செய்யும் ஏற்பாடு இது. பெறாத சம்பளத்திலிருந்து ஒரு மாதத்தை எடுத்துக் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் ஒதுக்கினார்கள் என்பதை மறந்துவிட்டுப் பதக்கத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. அரசு தாங்கவேண்டிய சுமையைச் சம்பளம் கிடைக்காதவர்களே தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள்.

உறுப்பினராகத் தகுதி பெற்றவர்கள் மூன்றாண்டுப் பணிக்குப் பின் மதிப்போடு விலகிய அதிகாரிகள், காங்கிரஸின் சீரமைப்பால் பணி இழந்தவர்கள், போர் முடியும்வரை நின்றவர்கள். பணியில் இறந்தவர்களின் மூத்த மகன்களும் சேரலாம். இந்தக் கடைசி விதி கவனிக்கத் தக்கது. வழிவழி உரிமை என்ற எண்ணம் இறந்த தோழனின் பிள்ளைக்கு இடம் தருவதிலிருந்தும் கிளைத்தது என்பதை அது காட்டுகிறது. நேர் வாரிசு இல்லாவிட்டால் கிளைவழியில் தகுதியுள்ளவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். படையில் பணியாற்றாத பெருமக்களைக் கௌரவ உறுப்பினராகச் சேர்க்கலாம். ஆனால் அது அவர் ஆயுளோடு முடியும், நான்கு பேருக்கு ஒருவர் என்ற அளவையும் தாண்டக் கூடாது. மாநிலம்தோறும் ஒரு சங்கம், அவற்றுக்கு மேல் ஒரு பொதுச் சங்கம். மாநிலச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று கூடும்.

சாதாரணச் சிப்பாய்க்கு இதில் இடமில்லை. மூலவிதிகளின் மிகப் பெரிய குறை இதுவே. வெறுங்காலோடு பனியில் நடந்தவர்களும் அவர்களே, கடனாளியாக ஊர் திரும்பியவர்களும் அவர்களே. அமெரிக்கப் படையில் சில ஆயிரம் கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அவர்கள் பெரும்பாலும் சிப்பாய்களாகவே இருந்ததால், அவர்களும் அவர்கள் சந்ததியும் இந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றார்கள். ஜூன் மாதம் சிப்பாய்களைக் கணக்குத் தீர்க்காமலே விடுப்பில் அனுப்பினார்கள்; மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடாகக் கைச்சீட்டுகள் தரப்பட்டன. ஜூன் 21 அன்று பென்சில்வேனியாச் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் அரசு மாளிகையைச் சூழ்ந்துகொள்ள, காங்கிரஸ் ஊரைவிட்டு பிரின்ஸ்டனுக்குக் கிளம்பியது. அதிகாரிகளின் ஏமாற்றம் ஒரு சங்கமாயிற்று. சிப்பாய்களின் ஏமாற்றம் கலகம் என்று பெயர் பெற்றது.

ஜூன் 19 அன்று கூடிய அதிகாரிகள் வாஷிங்டனைத் தலைவராகவும் நாக்ஸைச் செயலாளராகவும் மக்டூகலைப் பொருளாளராகவும் தேர்ந்தார்கள். இதற்கு மறுநாள், ஜூன் 20 அன்று, அதே போரின் நீட்சியாகப் பிரெஞ்சுக் கப்பற்படையும் பிரிட்டிஷ் கப்பற்படையும் கடலூருக்கு எதிரே மோதிக்கொண்டன; சமாதானச் செய்தி சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே பீரங்கிகள் ஓய்ந்தன. அமெரிக்க விடுதலைப் போர் எத்தனை கடல்களைத் தொட்ட போர் என்பதற்கும், பிரான்ஸ் அதில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கும் இது சான்று. சங்கத்தை நிறுவியவர்களும் அதை உணர்ந்திருந்தார்கள். ரோஷாம்போவின் படையிலிருந்த தளபதிகளையும் கர்னல்களையும், தெஸ்தான், தெ கிராஸ் முதலிய கடற்படைத் தலைவர்களையும் உறுப்பினர்களாக அழைத்தார்கள். அயல்நாட்டு விருதுகளைத் தம் அதிகாரிகள் அணிவதை எளிதில் ஒப்பாத பதினாறாம் லூயி, 1783 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் தந்தார். பதின்மூன்று மாநிலச் சங்கங்களோடு பதினான்காவதாகப் பிரெஞ்சுச் சங்கம் அமைந்தது.

சங்கத்தின் பெயர் ரோமானிய வரலாற்றிலிருந்து வந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏர் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டஸ், நாட்டுக்கு நெருக்கடி வந்தபோது முழு அதிகாரம் தரப்பட்டு, பகையை வென்று, பதினாறு நாளில் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏருக்கே திரும்பினார் என்பது மரபுக் கதை. குடியரசைக் காக்க எல்லாவற்றையும் துறந்தார் என்ற பொருள் தரும் லத்தீன் வாசகம் பதக்கத்தில் பொறிக்கப்பட்டது. பதக்கத்தை வடிவமைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் லான்ஃபான். பின்னாளில் வாஷிங்டன் நகரத்தின் தெருக்களையும் சதுக்கங்களையும் திட்டமிட்டவர் அவரே. வட்டமான பதக்கத்துக்குப் பதிலாக வெண்தலைக் கழுகின் வடிவிலேயே பதக்கம் இருக்கட்டும் என்ற யோசனை அவருடையது. நீல நாடா, அதற்கு வெள்ளைக் கரை. இரு நிறமும் அமெரிக்க, பிரெஞ்சு நட்பைக் குறித்தன. பதக்கங்களைச் செய்விக்க அவரே பாரிஸ் சென்றார். போன இடத்தில் வாங்கிய கடனைச் சங்கம் நெடுநாள் தீர்க்கவில்லை. கழுகும் கடனோடுதான் பிறந்தது.

எதிர்ப்பு அந்த இலையுதிர்காலத்திலேயே கிளம்பியது. தென் கரோலினாவின் நீதிபதி ஈடனஸ் பர்க், காசியஸ் என்ற புனைபெயரில் 1783 அக்டோபரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சீசரைக் குத்தியவர்களில் ஒருவனின் பெயரைத் தேர்ந்ததிலேயே அவர் கருத்து வெளிப்பட்டது. ஐரோப்பியப் பிரபுக் குலங்கள் எல்லாமே போர்ப் பணிக்கு வெகுமதியாகத்தான் தொடங்கின; முதல் தலைமுறையில் அது நன்றி, மூன்றாம் தலைமுறையில் அது உரிமை, அதற்குப்பின் அது ஆட்சி என்பது அவர் வாதத்தின் சாரம். சங்கத்துக்கு நிலமோ பட்டமோ சட்டச் சலுகையோ இல்லையே என்று ஆதரவாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு சட்டப்படி சரி. ஆனால் படைத்தலைவர்கள், பொதுநிதி, மாநிலந்தோறும் கிளை, ஒரே தலைமை, தலைமுறை தாண்டும் உறுப்புரிமை ஆகியவை எல்லாம் சேர்ந்த வேறோர் அமைப்பு அந்த இளங்குடியரசில் இல்லை. காங்கிரஸே அவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கவில்லை. அந்த நிலையில் பர்க்கின் அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

நியூ இங்கிலாந்தில் எதிர்ப்பு வேறு வழியில் வந்தது. அதிகாரிகளுக்கு மட்டும் ஐந்தாண்டுச் சம்பளம் என்பதே அங்குள்ள உழவர்களைக் கொதிக்கவைத்திருந்தது. கனெக்டிகட்டின் மிடில்டவுனில் மாநாடு கூட்டி அதைக் கண்டித்தார்கள். தங்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறப்போகிறவர்கள் மார்பில் கழுகும் அணிந்து வரப்போகிறார்கள் என்ற செய்தி அந்தக் கோபத்தோடு சேர்ந்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு சங்கத்தைக் கண்டித்து அறிக்கை தந்தது.

பிராங்க்ளினின் விமர்சனமே எல்லாவற்றிலும் கூர்மையானது. பாரிஸ் அருகே பாஸியில் தூதராக இருந்த அவர் 1784 ஜனவரி 26 அன்று தம் மகள் சாராவுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போட்டே வழிவழிப் பெருமையை உடைத்தார். மகனிடம் தந்தையின் பங்கு பாதி, பேரனிடம் கால், இப்படியே ஒன்பது தலைமுறை போனால் மூல வீரனின் பங்கு 512இல் ஒன்று. அந்த ஒன்பதாம் தலைமுறைப் பிள்ளை உருவாக இடையில் 1,022 ஆணும் பெண்ணும் பங்களித்திருப்பார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு ஒருவரின் பெயரை மட்டும் சூடிக்கொள்வதற்கு என்ன நியாயம் என்று கேட்டார். அதற்கு எதிராகச் சீனர்களின் வழக்கத்தைப் பாராட்டினார். அங்கே ஒருவர் உயர்ந்த பதவி பெற்றால் மரியாதை அவருடைய பெற்றோருக்குப் போகும், பிள்ளைகளுக்குப் போகாது. நல்ல பிள்ளையை வளர்த்தவர்கள் அவர்கள்தானே. மகனைச் சான்றோன் எனக் கேட்டு மகிழும் தாயின் பெருமையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதம் உடனே விளங்கும். அமெரிக்கச் சின்னமாகக் கழுகைவிட வான்கோழியே பொருத்தம் என்று பிராங்க்ளின் எழுதியதும் இதே கடிதத்தில்தான். இக்கடிதம் அவர் வாழ்நாளில் அமெரிக்காவில் அச்சாகவில்லை. ஆனால் பர்க்கின் நூலை அவர் பிரெஞ்சு எழுத்தாளர் மிராபோவிடம் கொடுத்தார். மிராபோ அதை விரிவாக்கிப் பிரெஞ்சில் எழுதி 1784இல் லண்டனில் வெளியிட்டார். அமெரிக்கச் சங்கத்தைத் தாக்குவதுபோல அவர் தாக்கியது பிரான்சின் பிரபுத்துவத்தை. ஐந்தாண்டுக்குப் பின் வெடித்த புரட்சியின் முன்னோட்டங்களுள் அந்நூலும் ஒன்று.

வாஷிங்டன் நிலைகுலைந்தார். சங்கத்தைத் தொடங்கியவர் அவரல்லர். கைம்பெண் நிதி என்ற அளவில்தான் அதைப் பெரிதாக மதித்தார். 1783 டிசம்பர் 23 அன்று அனாபொலிஸில் தம் பதவியைத் துறந்து, உண்மையான சின்சினாட்டஸ் என்று ஐரோப்பா முழுதும் பாராட்டப்பட்டவரின் பெயருக்கு இந்தச் சங்கத்தால் மாசு வருமோ என்ற கவலை அவரை அரித்தது. ஜெஃபர்சனின் கருத்தைக் கேட்டார். 1784 ஏப்ரல் 16 அன்று ஜெஃபர்சன் எழுதிய பதில் மரியாதையானது, ஆனால் ஒளிவுமறைவு அற்றது: மனிதர் பிறப்பால் சமம் என்ற அடிப்படைக்கே சங்கம் முரணானது, மாற்ற முடியாவிட்டால் விலகி நிற்பதே நல்லது.

மே 4 அன்று பிலடெல்பியாவின் சிட்டி டாவெர்னில் முதல் பொதுக்கூட்டம் கூடியது. வாஷிங்டன் தம் கைப்பட எழுதிய திருத்தப் பட்டியலோடு வந்தார். வழிவழி உரிமையை நீக்க வேண்டும். கௌரவ உறுப்பினரைச் சேர்க்கக் கூடாது. அரசியல் வாடை வீசும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்க வேண்டும். நிதியை மாநிலச் சட்டமன்றங்களின் பார்வையில் வைக்க வேண்டும். அயல்நாட்டார் நன்கொடையை ஏற்கக் கூடாது. இவை ஏற்கப்படாவிட்டால் விலகுவேன் என்றார். சங்கத்தையே கலைத்துவிடவும் அணியமாக இருந்தார். அப்போதுதான் பாரிஸிலிருந்து லான்ஃபான் கழுகுகளோடும் கடிதங்களோடும் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு அரசர் ஒப்புதல் தந்து, அங்குள்ள அதிகாரிகள் பெருமிதத்தோடு ஏற்றுவிட்ட ஒன்றை இங்கே கலைத்தால், துணைநின்ற நாட்டை அவமதித்ததாகும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகள் வாஷிங்டனுக்கென வைரம் பதித்த கழுகு ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். கலைக்கும் பேச்சு அடங்கியது. வழிவழி உரிமையை நீக்கிய திருத்த விதிகளைப் பொதுக்கூட்டம் ஏற்று, மாநிலச் சங்கங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றே நாடு நினைத்தது; எதிர்ப்பு தணிந்தது.

உண்மையில் அது நடைமுறைக்கு வரவேயில்லை. சில மாநிலச் சங்கங்கள் ஏற்றன, சில மறுத்தன, சில வாய் திறக்கவே இல்லை. எல்லாரும் ஒப்பினால்தான் செல்லும் என்பதால் மூலவிதிகளே நின்றன. காங்கிரஸை வரி விதிக்க விடாமல் தடுத்த அதே ஒருமித்த ஒப்புதல் விதி, சங்கத்தின் வழிவழி உரிமையைக் காப்பாற்றிவிட்டது. வாஷிங்டன் மறைந்த பிறகு கூடிய பொதுக்கூட்டம் பழைய விதிகளே செல்லும் என்று அறிவித்தது. ஒரு தலைவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கூட்டமைப்பு ஒன்றைத் தம் சொல்லால் மட்டும் திருத்திவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அக்காலத்தில் அரிது.

1787இல் இந்தச் சிக்கல் மீண்டும் தலைகாட்டியது. சங்கத்தின் பொதுக்கூட்டம் மே மாதம் பிலடெல்பியாவில் நடக்க இருந்தது. வர இயலாது என்று வாஷிங்டன் முன்கூட்டியே எழுதிவிட்டார். அதே மாதம் அதே ஊரில் அரசியலமைப்பு மாநாடும் கூடியது. அதற்குப் போனால் பழைய தோழர்களை அவமதித்ததாகுமே என்று தயங்கினார். கடைசியில் போனார், சங்கமும் அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தது. மாநாட்டில் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெரி, குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தால் நாடெங்கும் கிளைபரப்பி ஒன்றுபட்டு நிற்கும் சின்சினாட்டி சங்கமே அவரை உண்மையில் தேர்ந்தெடுக்கும் என்று எச்சரித்தார். தேர்தல் முறையை முடிவு செய்த காரணங்களில் இது சிறியது என்றாலும், சங்கத்தின்மீது இருந்த அச்சம் அரசியலமைப்பு விவாதத்தின் ஏட்டிலேயே ஏறிவிட்டது. அரசு எவருக்கும் பிரபுப் பட்டம் தரக் கூடாது என்ற தடையும் அரசியலமைப்பில் இடம்பெற்றது. முந்தைய கூட்டமைப்பு விதிகளிலும் அது இருந்தது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மாசசூசெட்ஸில் கடனும் வரியும் தாங்காத உழவர்கள் கலகம் செய்தபோது, அடக்கச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அந்த மாநிலச் சங்கத்தின் தலைவர் பெஞ்சமின் லிங்கன். கலகத்துக்குப் பெயர் தந்த டேனியல் ஷேஸும் அதே விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்கள் எத்தனை வேறுபட்ட இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இந்த இருவரின் பெயர்கள் காட்டுகின்றன.

புதிய அரசு அமைந்ததும் பழைய கடனுக்கு வழி பிறந்தது. 1790இல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கடன் பத்திரங்களை இப்போது கையில் வைத்திருப்பவர்களுக்கு முழு மதிப்பில் தீர்க்கத் திட்டம் தந்தார். முதலில் பெற்று, வறுமையால் விற்றுவிட்ட வீரர்களுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று மேடிசன் வாதாடினார், காங்கிரஸ் மறுத்துவிட்டது. நாட்டின் நாணயம் நிலைபெற்றது, ஆனால் பணம் பெரும்பாலும் பத்திர வணிகர்களுக்குப் போனது. ஹாமில்டனும் சங்க உறுப்பினர். வாஷிங்டனுக்குப் பின் அதன் தலைவரானவர். 1804 ஜூலை 4 அன்று நியூயார்க் சங்க விருந்தில் அவரும் அவருடைய அரசியல் எதிரி ஆரன் பர்ரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள், ஹாமில்டன் இறந்தார்.

அதன்பின் சங்கம் மெல்ல மங்கியது. அச்சுறுத்தும் பிரபுத்துவம் ஏதும் உருவாகவில்லை. மூத்த மகன்கள் மேற்கே புதிய நிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சேர வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழவில்லை. கனெக்டிகட், டெலவேர், வர்ஜீனியா முதலிய மாநிலச் சங்கங்கள் கலைந்தோ செயலற்றோ போயின. பதின்மூன்றில் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சியது. வர்ஜீனியாச் சங்கம் தன் நிதியை, இன்று வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கல்விக்கூடத்துக்குக் கொடுத்தது. பிரெஞ்சுச் சங்கத்தைப் புரட்சி விழுங்கியது. அதன் முதல் தலைவர் தெஸ்தான் 1794இல் கில்லட்டினில் மாண்டார். ஒஹாயோ ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு 1790இல் ஆளுநர் ஆர்தர் செயிண்ட் கிளேர் சூட்டிய சங்கப் பெயர் மட்டும் ஆண்டுக்காண்டு பெருத்துச் சின்சினாட்டி நகரமாயிற்று.

மீட்சி இரண்டு வழியில் வந்தது. 1854இல் விதியைத் தளர்த்தினார்கள்; போர்க்காலத்தில் தகுதி இருந்தும் சேராதிருந்த அதிகாரிகளின் வாரிசுகளையும் மாநிலச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அவ்வாண்டு தலைவரான ஹாமில்டன் ஃபிஷ் 1893 வரை அப்பொறுப்பில் இருந்தார். இன்னொரு வழி உள்நாட்டுப் போர். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் உயிர்நீத்த 1865 ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் வடக்குப் படை அதிகாரிகள் லாயல் லீஜன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சின்சினாட்டி சங்கத்தைப் பார்த்தே அதன் வழிவழி விதியை எழுதினார்கள். மறுஆண்டு தொடங்கிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் மாறான பாதையில் போனது. சிப்பாய், அதிகாரி என்ற பிரிவு அதில் கிடையாது. கறுப்பின வீரர்களும் சேர்ந்தார்கள். 1890 அளவில் உறுப்பினர் நான்கு லட்சத்தை எட்டினார்கள். ஆனால் உறுப்புரிமை பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் வூல்சன் 1956இல் இறந்தபோது அமைப்பும் முடிந்தது. பர்க் அஞ்சிய, பிராங்க்ளின் எள்ளிய, வாஷிங்டன் நீக்க முயன்ற அதே விதிதான் சின்சினாட்டி சங்கத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிறது. பரந்த மனத்தோடு எல்லாரையும் சேர்த்த சங்கம் மறைந்தது, குறுகிய கதவு வைத்த சங்கம் நின்றது என்பது கசப்பான செய்தி. வரலாறு இங்கே நியாயத்தின் பக்கம் நிற்கவில்லை.

கதவை அகலப்படுத்தி, வழிவழி உறுப்புரிமையையும் வைத்துக்கொண்ட மூன்றாம் வகைச் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. 1889இல் அமெரிக்கப் புரட்சியின் மைந்தர்கள் என்ற சங்கம் பிறந்தது. அது பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1890 அக்டோபரில் அமெரிக்கப் புரட்சியின் மகளிர் என்ற சங்கம் வாஷிங்டன் நகரில் தொடங்கியது. சாதாரணச் சிப்பாயின் வழித்தோன்றலும், மகள் வழி வந்தவரும் இவற்றில் சேரலாம். ஆனால் நிறவேற்றுமை இங்கும் நெடுங்காலம் நின்றது. 1939இல் மகளிர் சங்கம் தன் அரங்கில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாட இடம் மறுத்தது; குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதிலிருந்து விலகினார்; ஏப்ரல் 9 அன்று ஆண்டர்சன் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன் பாடினார். கறுப்பின உறுப்பினரை அச்சங்கம் ஏற்றது 1977இல்.

இந்தச் சங்கங்களில் சேர விரும்புவோர் தலைமுறைக்குத் தலைமுறை ஆவணம் காட்ட வேண்டும். போர்த்துறையின் பழைய ஏடுகள் 1800 நவம்பர் தீயில் எரிந்துபோயின. மிஞ்சிய பெரும் சான்று ஓய்வூதிய விண்ணப்பங்களே. 1818ஆம் ஆண்டுச் சட்டம்தான் வறுமையில் வாடிய சாதாரணச் சிப்பாய்களுக்கு முதன்முறையாகப் பரவலாக ஓய்வூதியம் தந்தது: சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். விண்ணப்பங்கள் குவிந்ததும், 1820இல் உண்மையிலேயே ஏழைதானா என்பதற்குச் சொத்துப் பட்டியல் கேட்டார்கள். அறுபதும் எழுபதும் வயதான கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று ஒரு பசு, இரண்டு நாற்காலி, உடைந்த ஒரு கலப்பை என்று எண்ணிச் சொன்னார்கள். 1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமைச் சான்று கேட்கவில்லை. மாறாகத் தாம் எந்தத் தளபதியின்கீழ் எங்கே போரிட்டோம் என்று விண்ணப்பதாரர் நினைவிலிருந்து வாக்குமூலம் தர வேண்டியிருந்தது. அந்தத் தாள்கள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கடனைத் தீர்க்கத் தவறிய அரசிடம் சிப்பாய்கள் ஐம்பது ஆண்டு கழித்துக் கெஞ்சி எழுதிய அந்த வாக்குமூலங்களைக் கொண்டுதான் அவர்களின் கொள்ளுப்பேரர்கள் சங்க உரிமையை நிறுவினார்கள். அதிகாரிகளின் நினைவைக் கழுகு காத்தது. சிப்பாய்களின் நினைவைக் காத்தது அவர்கள் வறுமையின் கணக்கு.

சின்சினாட்டி சங்கத்தின் கலைந்துபோன மாநிலக் கிளைகளும் மீண்டும் உயிர்பெற்றன; பிரெஞ்சுச் சங்கம் 1925இல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு மூல உறுப்பினரின் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருக்கலாம் என்ற முறையைப் பல மாநிலச் சங்கங்கள் இன்றும் கைக்கொள்கின்றன. தூதர் லார்ஸ் ஆண்டர்சன் 1905இல் வாஷிங்டன் நகரின் மாசசூசெட்ஸ் அவென்யூவில் கட்டிய மாளிகையை, அவர் இறந்த பின் 1938இல் அவர் மனைவி இசபெல் சங்கத்துக்கு வழங்கினார். இன்று அதுவே தலைமையகம்; அருங்காட்சியகமும், புரட்சிக்கால நூல்களும் கையெழுத்துப் படிகளும் நிறைந்த நூலகமும் அங்கே பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. பிரெஞ்சுக் கடற்படையினர் 1784இல் அனுப்பிய வைரக் கழுகைப் பொதுத் தலைவராகப் பொறுப்பேற்பவர் வழிவழியாக அணிகிறார்.